தானியேல் உபவாசம்: 9ஆம் நாள்

வேதாகமத்தில் வரும் தானியேலைப் பின்பற்றி இருக்கும் 21 நாள் தானியேல் உபவாசத்தில் இன்று 9ஆம் நாள். காய், பழம், பருப்பு, தண்ணீர், அவ்வளவுதான். இறைச்சியை விட்டது சிரமமாகவே இல்லை. காபியை விட்டதுதான்... முதல் மூன்று நாளும் தலைவலியோடுதான் ஜெபித்தேன், அதில் பாதி ஜெபம் காபியைப் பற்றியே!

இந்த உபவாசத்துக்கு அடிப்படையான இரண்டு சம்பவங்களைப் பலர் கலந்துவிடுகிறார்கள். தானியேல் புத்தகத்தின் 1ஆம் அதிகாரத்தில் மரக்கறியும் தண்ணீரும் 10 நாள் சோதனைக்கு. ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக் கூடாது என்ற தீர்மானம் அது. மூன்று வாரக் கணக்கு வருவது 10ஆம் அதிகாரத்தில். அங்கே தானியேல் துக்கத்தில் இருக்கிறார். ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் எதையும் தொடவில்லை. அந்தத் துக்கத்தைத்தான் நாம் மறந்துவிட்டு உணவுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறோமோ?

எடை குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: பார்க்கவில்லை. சரி, ஒரே ஒருதரம் பார்த்தேன்.