கராஜ் இருட்டில் மூன்று தொட்டி

நேற்று காலை கராஜைத் திறந்து, தொட்டிகளை மூடியிருந்த கறுப்புப் பையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றிலும் முளை வந்திருக்கிறது. பாதி விரல் உயரம்தான், வெளிச்சமே படாததால் வெளிறிய மஞ்சளாக இருக்கிறது. செப்டம்பர் 21-ம் தேதி நட்ட ஹயசிந்த் பூக்கிழங்குகள் இவை. பத்து வாரம் தாண்டிவிட்டது. இந்த ஒரு தரிசனத்துக்காகத்தான் அந்தக் குளிரில் நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஹயசிந்துக்குத் தமிழில் என்ன என்று தேடினால் இணையம் 'பதுமராகம்' என்கிறது. அது கல்லின் பெயர், எனக்கு ஒட்டவில்லை. அம்மாவிடம் போனில் ஹயசிந்த் என்று சொன்னபோது அருகில் இருந்த தம்பி ஃபோனில் தேடி வேறொன்றைக் காட்டிவிட்டான். "ஏண்டி, கண்மாய்க்குக் கண்மாய் ஆகாயத்தாமரையைப் பிடுங்கிப் போட முடியாம கெடக்காங்க, நீ அதைக் காசு குடுத்து வாங்கித் தொட்டியில வைக்கிறியா?" என்று கேட்டார். ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலப் பெயரில்தான் ஹயசிந்த் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றபடி இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இது துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்து மலைச்செடி. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, பிறகு டச்சுக்காரர்கள் கையில் பூ பெருத்து, நிறம் பெருத்து, இன்றைய உருவத்துக்கு வந்தது. கிழங்கைப் பார்த்தால் பெரிய வெங்காயம்தான். சமையலறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நச்சு.

நான் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து பதினோரு வருடம். முதல் வருட ஜனவரியில் கடையில் மொட்டோடு ஒரு தொட்டி வாங்கினேன். ரேடியேட்டருக்கு மேலே இருந்த ஜன்னல் திட்டில் வைத்தேன். நான்கே நாளில் மொத்தமும் விரிந்தது. சாயங்காலம் கதவைத் திறந்த கணவர், "யாராவது சென்ட் பாட்டிலை உடைச்சுட்டீங்களா?" என்றார். ஏழாம் நாள் பூந்தண்டு கனம் தாங்காமல் சாய்ந்து, எட்டாம் நாள் பழுப்பாகிவிட்டது. குளிர்ச்சியான அறையில் வைத்திருந்தால் இரண்டு வாரம் நின்றிருக்கும். அன்றைக்கு அது தெரியாது.

அடுத்த வருடம் நானே வளர்க்கிறேன் பார் என்று அக்டோபரில் ஐந்து கிழங்கு வாங்கினேன். தொட்டியில் நட்டு, சமையலறையில் நல்ல வெளிச்சமாகப் பார்த்து வைத்து, துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு அழுகிப் போயின. இரண்டு இலை மட்டும் விட்டன. ஒன்று பூத்தது. ஆனால் எப்படி? நெல்லில் தொண்டைக்கதிர் என்பார்களே, கதிர் வெளியே வராமல் தோகைக்குள் நிற்குமே, அப்படி. பூ இலைகளுக்கு நடுவில் சிக்கி, உள்ளேயே நிறம் பிடித்து, உள்ளேயே வாடியது. வாசனை மட்டும் அடியிலிருந்து லேசாக வந்தது. பாவமாக இருந்தது.

செடிக்கு என்றால் வெயிலும் தண்ணீரும் என்று பழகிய கை நம்முடையது. இந்தக் கிழங்குக்கு முதலில் வேண்டியது குளிரும் இருட்டும். ஒன்பது டிகிரிக்குக் கீழே பத்து வாரமாவது கிடந்தால்தான் வேர் தொட்டியை நிரப்பும், தண்டு நீள்வதற்கும் தயாராகும். அதற்கு முன்னால் சூடு கிடைத்தால் தண்டு நீளாது, பூ மட்டும் அவசரப்படும். என் தொண்டைக்கதிருக்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் தெரியாமல் இருந்தேன். கடையில் இரண்டு வகைக் கிழங்கு விற்கிறது. பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, அட்டையில் 'பிரிப்பேர்ட்' (தயார் செய்தது) என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூவின் கரு கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. டச்சு விவசாயிகள் சில கிழங்குகளை முன்கூட்டியே தோண்டி, முப்பது டிகிரி வாக்கில் சூடான கிடங்கில் வைத்து, அந்தக் கரு சீக்கிரம் உருவாகச் செய்கிறார்கள். செப்டம்பர் கடைசிக்குள் நட்டால் அவை கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். அந்த வித்தை ஒரு தடவைக்குத்தான். அடுத்த வருடம் அதே கிழங்கு மற்றவற்றைப் போல வசந்தத்தில்தான் பூக்கும்.

நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. ராத்திரி முழுக்க விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தேன். சேனைக்கிழங்கு நறுக்கினால் அரிக்குமே, அதே சமாச்சாரம். அரிக்க வைக்கும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இந்தக் கிழங்கின் தோலிலும் இருக்கின்றன. என் தோட்டத்தில் துலிப்பைத் தோண்டித் தின்கிற அணில்கள் இதைத் தொடுவதே இல்லை, அவற்றுக்கு என்னைவிட விவரம் அதிகம்.

வீட்டுக்குள் வைக்கும் தொட்டியில் கிழங்கை முழுக்கப் புதைப்பதில்லை, நுனி வெளியே தெரிய வேண்டும். ஒன்றையொன்று தொடாமல் நெருக்கமாக மூன்று வைத்து, மண் ஈரமாக, சொதசொதவென்று இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பத்து நாளுக்கு ஒரு தடவை விரலை விட்டுப் பார்ப்பேன். முளை நாலைந்து சென்டிமீட்டர் வந்ததும் நேராக ஹாலுக்குக் கொண்டுவரக் கூடாது. முதலில் வாசல் பக்கத்துக் குளிர்ந்த இடம், பச்சை பிடித்ததும் வெளிச்சமான ஜன்னல். அங்கிருந்து மூன்று வாரம்.

கண்ணாடிக் குடுவையிலும் வளர்க்கலாம். பழைய சாமான் விற்கும் அறக்கட்டளைக் கடையில் ஐம்பது பென்ஸுக்கு இடுப்பு குறுகிய நீலக் குடுவை ஒன்று கிடைத்தது. கிழங்கு மேல் கிண்ணத்தில் உட்காரும், தண்ணீர் அதன் அடியைத் தொடாமல் மயிரிழை அளவு கீழே நிற்க வேண்டும். தொட்டால் அழுகல்தான். வேர்கள் சேமியாவை நட்டுக்குத்தலாகத் தொங்கவிட்ட மாதிரி இறங்குவதை என் மகள் தினமும் ஸ்கேல் வைத்து அளந்தாள். பூ வந்தபோது அவளுக்கு அதில் ஆர்வமே இல்லை.

தோட்டத்துக் கதை வேறு. அங்கே குளிரை வானம் பார்த்துக்கொள்கிறது. எங்கள் மண் களிமண், மழை பெய்தால் வடை மாவு. அதனால் பொடி ஜல்லி கலந்து, வாசல் நடைபாதையோரம் வெயில் படும் பக்கத்தில், அக்டோபரில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டேன். பெரிய கிழங்குக்கு ஆசைப்படாதீர்கள். சுற்றளவு 18 சென்டிமீட்டர் இருப்பவை வீட்டுத் தொட்டிக்கு அழகு. வெளியே மார்ச் காற்றில் அந்தப் பூக்கனம் தரையில் படுத்துவிடும், 14, 15 போதும். பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு, இலை தானாக மஞ்சளாகும் வரை விட்டுவிடுவேன். இடையில் இரண்டு மூன்று தடவை தக்காளி உரம். அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டை அந்த இலைகள்தான் கிழங்குக்குள் சேர்க்கின்றன. அலங்கோலமாக இருக்கிறது என்று ஒரு தடவை கணவர் கத்தரியோடு வந்தார். சண்டை.

இரண்டாம் வருடத்திலிருந்து பூ குறையும். முதல் வருடம் எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை மாதிரி இருந்த கதிர், பிறகு பத்துப் பதினைந்து மணிகளோடு தளர்ந்து நிற்கும். நிறையப் பேர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். எனக்கு இந்தத் தளர்ந்த பூதான் பிடிக்கிறது. மலையில் இப்படித்தான் இருந்திருக்கும்.

என்னிடம் இருப்பவை 'டெல்ஃப்ட் புளூ', வெள்ளை 'கார்னகி', வெளிர் மஞ்சள் 'சிட்டி ஆஃப் ஹார்லெம்'. கடைசியாகச் சொன்னது 1893-லேயே வந்த ரகம். நீலத்துக்குத்தான் வாசனை தூக்கல் என்பது என் மூக்கின் தீர்ப்பு. மஞ்சள் கொஞ்சம் அடக்கம், படுக்கையறைக்கு அதுதான் சரி.

பக்கத்து வீட்டு ஈரானிய அக்காவுக்கு வருடா வருடம் ஒரு தொட்டி போகும். அவர்களுக்கு மார்ச் 20, 21 வாக்கில் புத்தாண்டு, நவ்ரூஸ். அதற்கு வைக்கும் மேசையில் இந்தப் பூவும் இருக்க வேண்டுமாம், 'சொன்போல்' என்கிறார். அதற்காகச் சாதாரணக் கிழங்கை நட்டுக் குளிரிலேயே வைத்திருந்து, பிப்ரவரி கடைசியில் வாசலுக்குள் எடுப்பேன். போன தடவை கணக்குத் தப்பி நான்கு நாள் முந்திப் பூத்துவிட்டது. அவர் அதை ராத்திரியெல்லாம் காருக்குள் வைத்துக் காப்பாற்றினார்.

போன ஜனவரியில் கார்னகியின் தண்டு ஒன்று ஒடிந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஊசியில் கோத்தேன், முப்பத்திரண்டு இருந்தன. மல்லிகை மாதிரி இல்லை, காம்பே கிடையாது, ஒவ்வொன்றும் தண்ணீர்ப் பிடிப்போடு தடித்த பூ. கோத்த சரம் கைக்குக் கனத்தது. தலையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் தலைவலி. எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டேன். வீடியோவில் பார்த்த அம்மா, "சம்பங்கி மாதிரி இருக்கே, கிலோ என்ன வெலை?" என்றார்.