மிதித்தால் மட்டும் வரும் இரைச்சல்

ஆக்சிலேட்டரை மிதித்தால் 'உஷ்ஷ்ஷ்' என்று பெரிய இரைச்சல். காலை எடுத்தால் அடங்கிவிடும். சமதளத்தில் அறுபதில் நிதானமாகப் போனால் ஒன்றும் கேட்காது. மூன்றாவது கியரில் ஒரு பஸ்ஸை முந்தலாம் என்று அழுத்தினால் ஆரம்பித்துவிடும். கூடவே பிக்கப் இல்லை, பின்னால் கரும்புகை. எங்களுடையது 2014 மாடல் டீசல் வண்டி. கோபியிலிருந்து தாளவாடியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அடிக்கடி போய்வருவோம். நடுவில் பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் என்ன கோளாறு இருந்தாலும் அந்த ஏற்றம் காட்டிக் கொடுத்துவிடும். போன முறை இரண்டாவது கியரிலேயே முக்கி முக்கி ஏறியது. பின்னால் பைக்கில் வந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

முதலில் போன பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியபடியே நியூட்ரலில் ரெய்ஸ் பண்ணிப் பார்த்தார்கள். "சத்தமே இல்லையே மேடம்" என்றார்கள். ஸ்கேனர் மாட்டியதும் பி0299 என்று ஒரு எரர் கோடு வந்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, தர வேண்டிய அழுத்தத்தைத் தரவில்லை என்பது அதற்கு அர்த்தம். உடனே "டர்போ போச்சு, மாத்திடலாம்" என்று நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அழுத்தம் வரவில்லை என்றுதான் ஸ்கேனர் சொல்கிறது, எதனால் வரவில்லை என்று அது சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் இடித்தது. டர்போவுக்குள் ஆயில் சீல் போயிருந்தால் ஆயில் எரிந்து புகை நீலமாக வரும், ஆயில் அளவும் குறையும். நான் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், அளவு அப்படியே இருந்தது. புகையும் கறுப்புதான். பேரிங் தேய்ந்திருந்தால் சைரன் போல ஊளைச் சத்தம் வரும் என்பார்கள். இது வெறும் காற்றுச் சத்தம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம்.

அப்புறம் சத்தியமங்கலத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஷெட்டுக்குப் போனோம். அந்தத் தம்பி பானெட்டைத் திறக்கவே இல்லை. "மேடு ஏறும்போது வருதுங்களாக்கா, இல்ல எப்பவுமே வருதுங்களா?" என்று கேட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். ஊரைத் தாண்டி நீளமான காம்பவுண்டு சுவர் ஒன்று வரும். அதை ஒட்டி இரண்டாவது கியரில் அழுத்தச் சொன்னார். வண்டிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. போகும்போது இடது பக்கம் சுவர், சத்தம் பளிச்சென்று கேட்டது. திரும்பி வரும்போது சுவர் வலது பக்கம், பாதிதான் கேட்டது. ஓட்டத்திலேயே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடச் சொன்னார், சத்தம் நின்றது. வீல் பேரிங்கோ டயரோ என்றால் உருளும்போதும் இரைந்துகொண்டே இருக்குமாம். கிளப்பும்போது 'கடக்' என்று இடித்தால் இன்ஜின் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'டப டப' என்று வந்து சூடானதும் குறைந்தால் சைலன்சர் பக்கம் எங்கோ புகை கசிகிறது. வழியெல்லாம் இதைப் பேசிக்கொண்டே வந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பி பானெட்டைத் திறந்தால், டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மேலாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் அடிப்பக்கமாகக் கையை விட்டுத் தடவி எடுத்தார். விரல் நுனி முழுக்கக் கறுப்பு ஆயிலும் மண்ணும். அந்தக் குழாய்களுக்குள் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி ஓடிக்கொண்டிருக்கும், காற்று கசியும் இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஹோஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சும்மா இருக்கும்போது மூடியே இருக்கிறது. உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் வாயைத் திறக்கிறது.

"டர்போ எல்லாம் ஒண்ணும் போகலீங்க்கா."

நியூட்ரலில் ரெய்ஸ் பண்ணினால் இன்ஜினுக்கு லோடு இல்லை. டர்போவும் பெரிதாக அழுத்தம் ஏற்றாது, கீறல் திறக்காது. மேட்டில் லோடு விழும்போது அழுத்தம் ஏறுகிறது, கீறல் திறந்துகொள்கிறது, காற்று பீறிடுகிறது. கரும்புகைக்கும் அதுதான் காரணம். உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சார் டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அது அளந்த கணக்குக்கு டீசல் தெளிக்கப்படுகிறது. ஆனால் அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியே போய்விடுகிறது. காற்று போதாமல் டீசல் முழுதாக எரியாது, கரியாக வெளியே வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால் புகை இவ்வளவு தெரியாது. ஆனால் அந்தக் கரி எல்லாம் ஃபில்டருக்குள் போய்ச் சேரும். அது இதைவிடப் பெரிய செலவு.

டேப் சுற்றி ஓட்டலாமா என்று அப்பா கேட்டார். ஆயில் கசிவும் சூடும் இருக்கிற இடத்தில் டேப் நிற்காது என்று அவர் மறுத்துவிட்டார். புது ஹோஸும் இரண்டு கிளாம்புகளும் வாங்கி, கூலியோடு சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. மாட்டும் முன் குழாய் முனைகளை ஆயில் பிசுக்கு போகத் துடைத்தார். இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடுமாம். உரசிய பிராக்கெட்டையும் லேசாக வளைத்து விலக்கி வைத்தார். ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டுப் பண்ணாரி வரை ஓட்டிப் பார்த்தோம். சைலன்சரில் தங்கியிருந்த கரி முதலில் கொஞ்சம் வந்தது, அப்புறம் இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி பழையபடி இழுக்கிறது. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், கிளாம்பை மறுபடி ஒரு முறுக்கு முறுக்க வேண்டும், வாங்க என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை போக வேண்டும்.