மூன்றாவது நடை: கக்மியர் ஆற்றோரம் நான்கு தேவாலயங்கள்

போன இரண்டு நடையிலும் குதிகாலில் கொப்புளம் வந்து கடைசி மைலை நொண்டியே முடித்தேன், அதனால் இந்த முறை உள்ளே மெல்லிய காலுறை, மேலே தடித்த கம்பளிக் காலுறை என்று இரண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸ், பெர்விக் ரயில் நிலையத்திலிருந்து எக்ஸீட் பாலம் வரை, சுமார் 11 கிலோமீட்டர். மொத்தம் பதினான்கு பேர்.

முதலில் பெர்விக் தேவாலயம். கிராமத்துக் கோயில்தானே என்று கதவைத் தள்ளினால் சுவர்களில் பெரிய பெரிய வண்ண ஓவியங்கள்! இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பிஷப் ஜார்ஜ் பெல் கேட்டு டங்கன் கிராண்ட், வனெஸா பெல், அவர் மகன் க்வென்டின் பெல் மூவரும் வரைந்தவை. கிறிஸ்துவுக்குக் கீழே ஒரு சிப்பாய், ஒரு மாலுமி, ஒரு விமானப்படை வீரர் முழங்காலிட்டிருக்கிறார்கள். இயேசு பிறந்த தொழுவம்கூட அச்சு அசல் சசெக்ஸ் கொட்டகைதான். கிளம்பவே மனசில்லை, கூட்டிப்போனவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

ஆல்ஃபிரிஸ்டனில் இருப்பது சிலுவை வடிவத்தில் பெரிய 14ஆம் நூற்றாண்டுக் கோயில். எனக்கென்னவோ அதைவிடப் பக்கத்திலிருக்கும் பழைய பாதிரியார் வீடுதான் பிடித்தது. கூரை வேய்ந்த வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு 1896இல் முதன்முதலாக வாங்கிய கட்டடம், விலை வெறும் 10 பவுண்டு. சுண்ணாம்புக்கல்லை இடித்துப் புளித்த பாலூற்றிப் போட்ட தரையாம், நம் ஊர் சாணி மெழுகல் மாதிரி ஒரு கைவேலை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைப் பாலம் தாண்டி மேடேறினால் மரங்களுக்குள் லல்லிங்டன். பதினாறடிச் சதுரம், அவ்வளவுதான் கோயிலே. ஒரு காலத்தில் பெரிதாக இருந்ததில் பலிபீடப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது, இடிந்த சுவரின் மிச்சம் வெளியே தெரிகிறது. பதினான்கு பேரும் உள்ளே நெருக்கி உட்கார்ந்தோம், முதுகுப்பைகளை வாசலிலேயே விட வேண்டியதாயிற்று. யாரும் பேசவில்லை, யாரோ ஒருவருடைய மழைச்சட்டை மட்டும் சரசரத்துக்கொண்டே இருந்தது.

லிட்லிங்டன் கோயிலில் தண்ணீர் குடித்ததோடு சரி. அப்புறம் ஆற்றங்கரைச் சேறு. ஈரச் சுண்ணாம்பு மண் மாவு போல ஒட்டி ஒவ்வொரு பூட்சும் ஒரு கிலோ கனத்தது, எதிர்க் குன்றின் சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு வெள்ளை தெரிய 1924இல் வெட்டிய குதிரை உருவத்தை அண்ணாந்து பார்த்த நேரத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஊன்றுகோலை மடித்துப் பைக்குள் வைத்திருந்தது என் தப்புதான்.

எக்ஸீட் பேருந்து நிறுத்தத்தில் பூட்சைக் கழற்றிப் பார்த்தேன். குதிகால் இரண்டும் சுத்தம், ஆனால் இடது சுண்டுவிரலில் புதுக் கொப்புளம். இரண்டு காலுறை போட்டதில் முன்பக்கம் இறுகிவிட்டது, விரல் பக்கம் கயிற்றைத் தளர்த்தி கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கியிருக்க வேண்டும். அடுத்த தடவை விரல் விரலாகப் பிரிந்த காலுறையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.