பென்சிலுக்கு முன்னால் தோள்பட்டை

2025 ஜூலை 5, சனி

இங்கே சிங்கப்பூரில், பேத்தியின் பாலர் பள்ளியில் கற்றல் ஆதரவு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதலில் கவனித்தது. கே2 (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு) வந்த பிறகும் பிள்ளை கொஞ்ச நேரம் எழுதினால் கை வலிக்கிறது என்கிறாள், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறாள், நாற்காலியில் உட்கார வைத்தால் மேசைமேல் சாய்ந்து படுத்துவிடுகிறாள். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய், அங்கிருந்து கேகே மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கி, இப்போது ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்குகிற சிகிச்சை) ஆரம்பித்தாயிற்று. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அழைத்துப்போவது என் பொறுப்பு. "அங்க என்ன நடக்குதுன்னு எழுதிப் போடுங்கப்பா, ராத்திரி படிச்சுக்கிறேன்" என்று மகள் சொன்னதால் இந்தக் குறிப்பு.

பென்சில், நோட்டு எல்லாம் பையில் எடுத்துப் போயிருந்தேன். தெரபி கொடுக்கிற மிஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரம் வைத்த சின்னப் பலகை ஒன்றில் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்தார். தரையைக் கையால் தள்ளிக்கொண்டே போய், அறையின் அந்தக் கோடியில் கிடக்கும் மீன் பொம்மைகளைப் பொறுக்கி வந்து வாளியில் போட வேண்டும். பேத்திக்கு ஒரே குஷி. நாலைந்து மீன் வருவதற்குள் தலை தொங்கிவிட்டது, முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா அங்கிள், விரலில் ஆரம்பிக்கவே முடியாது. வயிறும் முதுகும் தோளும் முதலில் உறுதியாகணும்" என்றார் மிஸ்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே ஓய்வுபெற்றவன் நான். அடித்தளம் ஆடினால் கொக்கியை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2025 ஜூலை 9, புதன்

மகள் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறாள். புள்ளிக் கோட்டின் மேலேயே எழுதிப் பழகுகிற வகை. ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு) என்கிற கவலை அவளுக்கு. கையெழுத்துக்கென்றே தனி வகுப்பு எங்கே நடக்கிறது என்றும் விசாரிக்கிறாள்.

இன்று மிஸ் ஒரு படத்தைக் காட்டினார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதானாம். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு உருவாகும்போது பிள்ளைக்கு ஒன்பது வயதாவது ஆகியிருக்கும். இவளுக்கு அதோடு தசையும் கொஞ்சம் தளர்வு. நோய் என்று பயப்பட வேண்டாம், ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் வேண்டாம் என்றார். இயக்க ஒருங்கிணைப்பில் சிரமம் உள்ள பிள்ளைகள் பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேர் இருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் இவர்களைத்தான் 'கை உருப்படாது' என்று வாத்தியார் முட்டிபோட வைத்தாரோ என்று தோன்றியது.

பயிற்சிப் புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. மகள் முகம் சரியில்லை.

2025 ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் செய்ய மிஸ் சொன்ன விளையாட்டுகளில் நண்டு நடைக்குத்தான் கிராக்கி. தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடக்க வேண்டும். வயிற்றின் மேல் ஒரு துணிப் பொம்மை. விழுந்தால் ஆட்டம் அவுட். என் முட்டிக்கு இது ஆகாது. மாப்பிள்ளை இறங்கினார், வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேத்தி சிரித்த சிரிப்பில் அவளும் விழுந்தாள்.

சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரும் வீட்டுக்கு வர்ணம் அடிக்கிற அகலமான பிரஷ்ஷுமாகத் தாழ்வாரத்துக்கு வந்தோம். வெறும் தண்ணீரால் சுவரில் வரைய வேண்டும். நின்றபடி சுவரில் வரையும்போது மணிக்கட்டு தானாகவே பின்பக்கம் மடிந்து நிற்கிறது. பென்சில் பிடிக்க அதே நிலைதான் வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தூக்கி வரைவதால் தோளுக்கும் வேலை. பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி கதவைத் திறந்து பார்த்து, "அங்கிள், பெயிண்ட்டா?" என்று பதறிவிட்டார். தண்ணீர் என்று தெரிந்ததும் தன் வீட்டுச் சுவரையும் காட்டி, "இங்கேயும் அடி" என்றார். பேத்தி அங்கே பெரிதாக ஒரு 'அ' போட்டாள். நம் ஊர் வெயிலில் அது காய்ந்து மறைவதற்குள் அடுத்தது. அழிக்க வேண்டியதில்லை, தப்பு என்று யாரும் சிவப்பு மை போடப்போவதுமில்லை. இவ்வளவு நேரம் அவள் எதையும் விடாமல் எழுதி நான் பார்த்ததில்லை.

2025 ஜூலை 30, புதன்

இன்று வீட்டில் பஞ்சாயத்து. பேத்தி எதையும் முதலில் இடக்கையால்தான் எடுப்பாள். சாப்பாட்டில் மட்டும் பாட்டி விடமாட்டாள்: "பீச்சாங்கையால சோறு தொடாதே." சாப்பாட்டில் ஆரம்பித்தது பென்சில்வரை வந்துவிட்டது. பாட்டி பக்கத்தில் இருந்தால் வலக்கையில் எழுதுகிறாள், இல்லையென்றால் இடக்கை, களைத்தால் மறுபடி வலக்கை.

மிஸ் ஒரு வேலை செய்தார். மேசையின் நட்டநடுவில், இரண்டு கைக்கும் சமதூரத்தில், ஒவ்வொன்றாகப் பொருளை வைத்தார். கரண்டி, தூரிகை, இடுக்கி, சுத்தி. ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்தது இடக்கை. எந்தக் கை என்பது நாலு முதல் ஆறு வயதுக்குள் நிலைக்கும், பென்சிலையும் கத்தரிக்கோலையும் அந்தக் கைக்கே விடுங்கள், மாற்றி மாற்றிச் செய்தால் இரண்டு கையும் தேறாது என்றார். சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, கெட்டிக்காரப் பெண்.

வீட்டுக்கு வந்து நான் பேசினேன். சோறு வலக்கையில், எழுத்து இடக்கையில் என்று ஒரு சமரசம் ஆயிற்று. பாட்டிக்கு முழுச் சம்மதம் இல்லை. "நாளைக்குப் பிரசாதம் வாங்க எந்தக் கையை நீட்டுவா?" என்று கேட்டாள். ரெண்டு கையையும் நீட்டட்டும் என்றேன்.

எழுதும்போது தாளின் மேல்முனையை வலப்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும் என்பதும் இன்று தெரிந்துகொண்டது. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் போவதால், தாள் நேராக இருந்தால் இடக்கைக்காரர்களின் கை எழுதிய எழுத்தையே மறைக்கும்.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று தேசிய தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே சாப்பாடு. பேத்திக்கு ஊட்டியது பாட்டி. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தது பணிப்பெண். காலணி மாட்டிவிடுவது நான். பள்ளிப் பையைத் தூக்குவதும் பணிப்பெண்தான். புளோக்குக்குக் கீழே காலையில் நின்று பாருங்கள், எல்லா வீட்டிலும் இதே கதை. பிள்ளை கைவீசி நடக்கும், பை பின்னால் வேறொரு தோளில் வரும்.

மிஸ் இதைப் பற்றிக் கேட்டபோது நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை, பேத்தியே சொல்லிவிட்டாள். இனி பை அவளுடையது, அதிகக் கனமில்லாமல். சந்தைக்குப் போனால் வெங்காயப் பை அவள் கையில். கனமான பொருளைத் தூக்கும்போதும் தள்ளும்போதும்தான் தன் கைகால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போட வேண்டும் என்று மூட்டும் தசையும் மூளைக்குச் சொல்கின்றனவாம். பென்சிலை இவள் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துவதும் அந்தக் கணக்குப் பிசகுவதால்தான். ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1970களிலேயே இதையெல்லாம் விரித்து எழுதியிருக்கிறாராம். ஊஞ்சலும் உருளையும் தெரபி அறைக்குள் வந்ததில் அந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஒன்று. எழுதும்போது கால் தொங்கக் கூடாது. எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலி உயரம். காலுக்கு அடியில் மைலோ டின் இரண்டை ஒட்டி வைத்திருக்கிறேன். மேசைமேல் சாய்ந்து படுப்பது அதிலேயே பாதி குறைந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு பிசைந்து பாட்டி உட்கார்ந்ததும் பேத்தியைப் பக்கத்தில் சம்மணம் போட வைத்தேன். சாதாரணமாகக் காலை இரண்டு பக்கமும் பின்னால் மடித்து உட்காருவது இவள் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் இடுப்பையும் முதுகையும் திருப்ப வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது.

முதலில் பிடி கொழுக்கட்டை. உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவி, மாவை வைத்து, முழுக் கையால் ஒரே அழுத்து. விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தால் போதும். அவளுக்கு இது எளிது, வரிசையாக அடுக்கினாள். பூரணக் கொழுக்கட்டைதான் சோதனை. உருண்டையின் நடுவில் கட்டைவிரலை விட்டுச் சுற்றிக்கொண்டே கிண்ணமாக்க வேண்டும். இடக்கை கட்டைவிரல் அழுத்த, வலக்கை உருண்டையைத் திருப்ப வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு வேலை. பூரணம் வைத்து, விளிம்பைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் கிள்ளிக் கிள்ளி மூட வேண்டும். பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரல்.

கிண்ணம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் ஓட்டையானது. பாட்டி வாங்கித் திருத்தப் போனாள். நான் கண்ணைக் காட்டினேன். கையை இழுத்துக்கொண்டாள், வாயைத்தான் அடக்க முடியவில்லை. "வெல்லம் வழியுது பாரு, வழியுது பாரு." வெந்ததும் பேத்தி செய்தவை மட்டும் பாகு கசிந்து தட்டில் ஒட்டிக்கொண்டன. அவள் அவற்றைத்தான் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள்.

தெரபி அறையில் அழுத்திப் பிசைய ஒரு ரப்பர்க் களிமண் வைத்திருக்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சப்பாத்தி மாவு பிசைகிற வீட்டில் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

தோ பாயோ லோரோங் 6-இல் உள்ள டிராகன் விளையாட்டு மைதானத்துக்குப் போனோம். 1979-இல் கட்டியது, வீவகவில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில்) இருந்த கோர் இயன் கீ வடிவமைத்தது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். இப்போதைய மைதானங்களில் தரையெல்லாம் ரப்பர்; அங்கே இன்னும் மணல் இருக்கிறது. ரப்பரில் விழுந்தால் அடிபடாது, சரி. மணலில் கால் புதைகிறது, ஒவ்வோர் எட்டுக்கும் கணுக்கால் வேலை செய்கிறது, கையால் தோண்டவும் முடிகிறது.

டிராகனின் உடம்பு இரும்பு வளையங்கள். பேத்தி இரண்டாவது வளையத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கீழே இறக்கு என்று அழுகை. நான் ஏற்றிவிடவில்லை, இறக்கவும் இல்லை. அடுத்த காலை எங்கே வைக்கலாம் என்று மட்டும் கேட்டேன். உச்சிக்குப் போகவில்லை. பாதியில் இறங்கி மணலில் உட்கார்ந்து தன் காலைப் புதைக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை, இறங்கும்போது தானே பிடித்து இறங்கினாள்.

பாட்டி பச்சைப் பயறு போட்டுத் தைத்த அஞ்சாங்கல் பைகளையும் எடுத்துப் போயிருந்தோம். இந்த வயதுக்கு அஞ்சாங்கல் ஆட வராது. ஒரு பையை மேலே போட்டு அதே கையால் பிடிப்பது, அப்புறம் ஒரு பக்கம் இருக்கும் பையை எதிர்ப்பக்கக் கையால் எடுப்பது, அவ்வளவுதான். உடம்பின் நடுக்கோட்டைக் கை தாண்ட வேண்டும் என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதும்போது தாளின் நடுவில் இவள் கை மாற்றுவதும் அந்தக் கோட்டில்தான்.

2025 அக்டோபர் 3, வெள்ளி

குழந்தைகள் தினம். தெரபி வேண்டாம் என்று அடம். சரி என்று விட்டுவிட்டோம். விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு தினமும் கட்டாயப்படுத்தினால் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? நாள் முழுக்கச் சோபா மெத்தைகளை இழுத்துப் போட்டு வீடு கட்டினாள். ஒவ்வொரு மெத்தையும் அவள் உயரம்.

2025 அக்டோபர் 18, சனி

திங்கட்கிழமை தீபாவளி. முறுக்கு உழக்கைப் பிழிய எனக்கே மூச்சு வாங்கும். பேத்தியைத் தாழ்வான முக்காலிமேல் நிற்க வைத்து, மாவைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தோம். முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையை அப்படியே இரண்டு கையிலும் இறக்கி அழுத்தினாள். ஜூலையில் அந்தப் பலகைமேல் தொங்கிப்போன தோள்பட்டை இது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடவில்லை, வாழையிலைமேல் பிழிந்ததைப் பாட்டி எடுத்துப் போட்டாள். வட்டமாக ஒன்றுகூட வரவில்லை. மாப்பிள்ளை அவற்றுக்கு 'எம்ஆர்டி ரயில் வரைபடம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

காலையில் மிஸ்ஸோடு கொஞ்சம் உட்கார்ந்து பேசினோம். பெரிய பொத்தான் போடுகிறாள், சின்னது இன்னும் இல்லை. பென்சில் பிடி வந்திருக்கிறது, அழுத்தம் அதிகம்தான். முழுக் கிரயான் கொடுக்காமல் உடைத்துத் துண்டாகக் கொடுங்கள், துண்டைப் பிடிக்க விரல்நுனியைத் தவிர வேறு வழியில்லை என்றார். காலணிக் கயிற்றுக்கு அவசரம் இல்லை. தன் அறிக்கையை ஜனவரிக்கு முன் தொடக்கப் பள்ளியில் கொடுத்துவிடச் சொன்னார். மகள் அதைப் பார்த்துக்கொள்வாள். மேல்தட்டிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை மட்டும் இறக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, "வாரத்துக்கு ரெண்டு பக்கம், சுவரில் ஒட்டி" என்று மிஸ் அனுமதி கொடுத்துவிட்டார்.

அடுத்தது கத்தரிக்கோல். மெல்லிய தாள் மடங்கும் என்பதால் முதலில் கெட்டி அட்டைக் கீற்றும் உறிஞ்சுகுழாயும் வெட்டப் போகிறாள். இடக்கைக் கத்தரிக்கோலில் அலகுகள் மாறியிருக்கும். வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்தால் வெட்டுகிற கோடே இவள் கண்ணுக்குத் தெரியாது. தீபாவளி முடிந்ததும் எழுதுபொருள் கடைகள் இருக்கிற பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.