டைல்ஸ் மட்டும் நேராக இருந்தது

மார்ச் 8, 2025, சனி

ஹால் கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். காலையில் உள்ளங்கை அளவு, மதியத்துக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்கு நேர் மேலேதான் போன நவம்பரில் புதுப்பித்த பாத்ரூம். பிளம்பர் வந்து ஷவர் தரையில் ஒரு டைலை உடைத்துப் பார்த்தார். அடியில் விரிக்கும் தண்ணீர் புகாத ஷீட்டை வடிகால் வாயோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். இங்கே அதைக் குழாய் ஓரத்தில் வெட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். நான்கு மாதமாகக் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு மரச்சட்டத்துக்குள் போயிருக்கிறது.

நகராட்சியில் பர்மிட் எடுத்திருந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அந்தத் தளத்தில் தண்ணீர் தேக்கிச் சோதித்திருப்பார்கள். "சின்ன வேலை, பர்மிட் எதற்கு?" என்றார் காண்ட்ராக்டர். நானும் தலையாட்டினேன். மற்ற இருவரைவிட 9,000 டாலர் குறைவாகக் கேட்டவர் சொல்வதெல்லாம் அப்போது வேதம்.

பேசியது 26,000. கொடுத்தது 21,500. ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

மார்ச் 11

அவர் கொட்டேஷனில் எழுதியிருந்த லைசென்ஸ் எண்ணை ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தேன். அரை நிமிஷ வேலை, ஆறு மாதம் தாமதமாகச் செய்தேன். எண் அசல்தான். ஆனால் பெயர் வேறு, தொழில் கூரை வேய்வது. யாருடைய எண்ணையோ இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

கலிஃபோர்னியாவில் வீட்டு வேலைக்கு 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நான் முதல் நாளே 8,000க்கு செக் கிழித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது பெருமையாக வேறு இருந்தது.

மார்ச் 19

இத்தனை நாள் ஃபோன் எடுக்காதவரிடமிருந்து மெசேஜ்: மீதி 4,500 வராவிட்டால் வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்காக வீட்டைப் பிணையாக்கும் உரிமை, பதிவு செய்வாராம். மனைவிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

காலையில் ஒரு வக்கீலிடம் போனோம். "வெறும் பூச்சாண்டி" என்றார். லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு வழக்கும் போட முடியாது, அவர் போடும் லீனும் நிற்காது. அத்தோடு விடவில்லை. தொழில்கள் தொடர்பான சட்டத்தொகுப்பில் 7031ஆம் பிரிவைக் காட்டினார். கொடுத்த பணம் முழுவதையும் நாங்கள் திருப்பிக் கேட்கலாம். ஒழுகியதால் வந்த நஷ்டம் மட்டுமல்ல, முழுப் பணமும். வேலை நன்றாகவே இருந்தாலும்.

"நன்றாக இருந்தாலுமா?" இரண்டு தரம் கேட்டேன்.

பாம் ஸ்பிரிங்ஸ் நீர்ப் பூங்கா ஒன்றில் செயற்கை அலைக் கருவி அமைத்த நியூயார்க் கம்பெனியின் கதையைச் சொன்னார். மீதிப் பணம் வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். பூங்காக்காரர்கள் பொய் வாக்குறுதி கொடுத்துத்தான் வேலையில் இறக்கினார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். லைசென்ஸ் இல்லை, ஆகவே பணமும் இல்லை என்று 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010இல் இன்னொரு வழக்கு. லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே வேலை கொடுத்த வீட்டுக்காரருக்குக்கூட முழுப் பணமும் திரும்பியது. வாங்கிப் போட்ட சாமான்களின் விலையைக் கழிக்கவும் விடவில்லை.

வெளியே வரும்போது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஏப்ரல் 2

வீட்டில் சண்டை, டைல்ஸால்.

சுவருக்கு டைல்ஸ் ஒட்டியது காண்ட்ராக்டரின் அக்கா மகன். இருபது வயதுகூட இருக்காது. பென்சிலை வாயில் கவ்வியபடி ஜன்னல் மூலைக்கான ஒற்றை டைலை மூன்று தரம் வெட்டி, மூன்றையும் வேண்டாமென்று போட்டுவிட்டு, நாலாவதை ஒட்டினான். இன்றைக்கும் அந்த மூலையில் நகம் நுழையாது.

"அந்தப் பையன் கூலியையும் சேர்த்தா பிடுங்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"அவன் ஏணியிலிருந்து விழுந்திருந்தா? மாமனுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. நம்ம தலையிலதான் விடிஞ்சிருக்கும்."

"விழலையே."

இதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் தனிநபர் 12,500 டாலர் வரைக்கும்தான் கேட்கலாம். வக்கீல் கிடையாது, கட்டணம் 75. முழு 21,500ம் வேண்டுமென்றால் பெரிய கோர்ட்டுக்குப் போக வேண்டும், வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டும். எதுவானாலும் வேலை முடிந்த ஓராண்டுக்குள், அதாவது நவம்பருக்குள். கடைசியில் 12,500 போதும் என்று முடிவு. விட்டுக்கொடுத்த 9,000ஐ வக்கீல் ஃபீஸ் மிச்சம் என்று நான் எழுதிக்கொண்டேன். அவள் பையன் கூலி என்று எழுதிக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

43 ஃபோட்டோ, பிளம்பர் எழுதித் தந்த கடிதம், ஈரமரத் துண்டு ஒன்று பிளாஸ்டிக் பையில். பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி காண்ட்ராக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வாரியம் கொடுத்த லைசென்ஸ் சான்றிதழ் எங்கே?" இருப்பதை நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. நண்பருடைய லைசென்ஸ், அவர் சம்மதித்தார் என்று ஏதோ சொன்னார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒழுகல் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மரத்துண்டு பையிலேயே திரும்பி வந்தது.

வராந்தாவில் பையன் நின்றிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன்.

ஜூலை 11

தபாலில் தீர்ப்பு. 12,500, கூடவே கோர்ட் செலவு. அப்பீலுக்கு அவருக்கு 30 நாள்.

ஆகஸ்ட் 23, சனி

அப்பீலும் இல்லை, பணமும் இல்லை. லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டராக இருந்து தீர்ப்புப் பணத்தைக் கட்டாமல் விட்டால் வாரியம் லைசென்ஸை நிறுத்திவைக்கும். அந்தப் பயத்திலேயே கட்டுவார்கள். இவரிடம் நிறுத்திவைக்க என்ன இருக்கிறது? வாடிக்கையாளர் நஷ்டத்துக்கு ஈடாக வைக்கும் 25,000 டாலர் பாண்டும் லைசென்ஸ்காரர்களுக்குத்தான்.

மனைவிதான் கேட்டாள், "அந்த செக்கை எந்த பேங்க்ல போட்டார்?"

முதல் நாள் பெருமையாகக் கிழித்த அந்த 8,000 டாலர் செக்கின் பின்பக்கப் படத்தை எங்கள் பேங்க் தளத்தில் திறந்தேன். கோணல் கையெழுத்து. அதன் கீழே, பாதி அழிந்த முத்திரையில், அவருடைய பேங்கின் பெயர். திங்கட்கிழமை கோர்ட்டில் ரிட், அதாவது அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்கான ஆணை, வாங்கி ஷெரிஃப் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் சரி.

ஷவர் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.