ஆட்டோவுக்கு 200, பூனைக்கு 20, விரல் 21

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பார்க்கப் போன ஆறு விரல் பூனையைப் பற்றி நிம்மதியாக எழுத முடியாது.

கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து முதுநகர் மீன்பிடித் துறைமுகம் நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். 300 ரூபாய் கேட்டார். ஏன் என்றால், "துறைமுகம் போய்வந்தால் வண்டியில் மீன் வாடை ஏறிவிடும் சார், அப்புறம் ஒரு சவாரி ஏறாது" என்றார். நான் இன்னும் ஒரு மீனைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. வாடைக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். பேசிப் பேசி 200-க்கு வந்தார். இறங்கிக் காசை எண்ணிக் கொடுக்கும்போது, எதிரே டவுன் பஸ் ஒன்று பாதி இருக்கை காலியாக, ஆற அமர வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கு வந்தது நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு. மொய் எழுதியது போகக் கையில் 900 ரூபாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடந்து ஒரு காபி குடித்துவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூனை. முன்னங்கால் இரண்டிலும் கையுறை மாட்டியது போல் இருந்தது. "ஆறு விரல் பூனை, கடலூர்த் துறைமுகத்தில்" என்றார். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். வீட்டில் இரண்டு பூனை வளர்ப்பவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எப்படி ஊர் போய்ச் சேருவான்?

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு வருகிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 22 கிலோமீட்டர். நான் ஏறிய தனியார் பஸ் அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கை நீட்டிய இடத்தில் எல்லாம் நின்றது. என் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. நடத்துநர் மீதி 20 ரூபாயைத் தராமல் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும் வரை நினைவில் வைத்திருந்தேன். இறங்கும் அவசரத்தில் மறந்துபோனேன். விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பேசாமல் ரயிலில் வாருங்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரிலேயே இருக்கிறது. நடைமுறைத் தகவல் இவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உப்பனாற்றில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. காலுக்கடியில் பனிக்கட்டித் தண்ணீரும் செதிலும். "ஆறு விரல் பூனை எங்கே?" என்று கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை, நாலு பேர் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

மீன் வெட்டும் அக்கா ஒருவரின் பலகைக்குக் கீழே இருந்தது. வெள்ளை உடம்பு, வாலில் மட்டும் மஞ்சள். "தொடாதே தம்பி, முதலில் ஏதாவது கொடு" என்றார் அக்கா. 20 ரூபாய்க்குக் கவலை மீன் வாங்கினேன். என் கவலைகளிலேயே மலிவானது அதுதான்.

மீன் தின்னும் நேரத்தில் எண்ணினேன். சாதாரணப் பூனைக்கு 18 விரல்: முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நாலு. இதற்கு இடது முன்காலில் ஆறு, வலது முன்காலில் ஏழு. பின்கால்கள் வழக்கம்போல் நாலு நாலு. ஆக 21. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் துருத்தியிருந்ததால் பாதம் குழந்தையின் உள்ளங்கை மாதிரி அகன்றிருந்தது. கவலை மீனை அது அந்தக் கையால் அமுக்கிப் பிடித்துத் தின்றதைப் பார்க்கவே 200 கொடுக்கலாம். (ஆட்டோவுக்கு அல்ல.)

தேநீர்க் கடைக்காரர் விடவில்லை. "காலுக்கு ஆறு, நாலு காலுக்கு இருபத்து நாலு சார்" என்று சாதித்தார். கூடுதல் விரல் பெரும்பாலும் முன்கால்களில்தான் வரும், பின்காலில் வருவது குறைவு என்றேன். கனடாவில் ஒரு பூனைக்குக் காலுக்கு ஏழு வீதம் 28 விரல் இருந்து 2002-இல் கின்னஸில் ஏறியதையும் சொன்னேன். "அப்படியானால் இருபத்து நாலு ஒன்றும் அதிகமில்லையே" என்றார். இவரிடம் என்ன பேசுவது?

அக்காவுக்கு இது அதிர்ஷ்டப் பூனை. மனிதருக்கு ஆறு விரல் இருந்தால் யோகம் என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதே கணக்கு. மற்ற பூனை குறுக்கே போனால் முகம் சுளிக்கிறவர்கள்கூட இது போனால் நின்று கும்பிடாத குறைதானாம். எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்காரர்களுக்கும் இந்தப் பூனைகளுக்கும் உள்ள உறவு கடலூரோடு முடியவில்லை. அட்லாண்டிக்கில் ஓடிய கப்பல்காரர்களும் இவற்றை ராசியானவை என்றே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் இவை நிறைய இருப்பதற்குக் கப்பலில் போனதுதான் காரணம் என்பார்கள். ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில், எழுத்தாளர் ஹெமிங்வே 1930-களில் வாழ்ந்த வீட்டில் இன்றும் அறுபது பூனைகள் போல இருக்கின்றன. ஏறக்குறையப் பாதிக்குக் கூடுதல் விரல். கப்பல் தலைவர் ஒருவர் கொடுத்த வெள்ளைப் பூனையிலிருந்து வந்த வம்சம் என்பது அந்த வீட்டுக் கதை. அங்கே பார்க்க நுழைவுக் கட்டணம் உண்டு. இங்கே கவலை மீன்.

அக்கா பனிப்பெட்டிக்குப் பின்னால் இருந்த கோணிச் சாக்கை விலக்கினார். மூன்று குட்டிகள். இரண்டுக்கு முன்கால் அகலம், ஒன்றுக்குச் சாதாரணம். "இதுக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தாலே போதும். ஒவ்வொரு குட்டிக்கும் நாணயம் சுண்டுவது போல, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். காலில் எத்தனை விரல், எந்தப் பக்கம் என்பதைக் கருவிலேயே சொல்லும் மரபணுவுக்கு ஒரு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரை, சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று வைத்திருக்கிறார்கள். அதை எங்கே எரியவிடுவது, எங்கே அணைப்பது என்பதற்கான சுவிட்ச், மரபணுவிலிருந்து வெகு தொலைவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். தப்பான பக்கத்திலும் விளக்கு எரியும், விரல் கூடும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா இரண்டு கிலோ சங்கரா வெட்டி முடித்துவிட்டார்.

நடுவில் சாப்பாடு. அக்கா காட்டிய கூரைக்கடையில் 120 ரூபாய்க்கு மீன் சாப்பாடு. மாங்காய் போட்ட கானாங்கெளுத்திக் குழம்பு, பூண்டு மணக்கும் சுறாப்புட்டு, கேட்காமலேயே வந்த நாலு நெத்திலி. முதல் நாள் கல்யாணப் பந்தியைச் சொல்லிக் குறை காண விரும்பவில்லை. ஆனால் இந்தக் குழம்பை மூன்று தடவை வாங்கினேன். எண்ணெய் தெளிந்து மேலே நின்றது. நேற்று வைத்ததைச் சுட வைத்தார்களோ என்னவோ, மீன் குழம்புக்கு அதுவே பெருமை.

திரும்பி வந்தபோது பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பாதத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வலது காலின் ஏழாவது விரல் தரையைத் தொடுவதே இல்லை. அதனால் அதன் நகம் தேயவும் இல்லை. அரிவாள் போல் வளைந்து, நுனி சதைத் திண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாளில் உள்ளே குத்தியிருக்கும். படத்தில் இதெல்லாம் தெரியவில்லை.

பையில் நகம்வெட்டி இருந்தது. அக்கா பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். விரலை அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் இரத்தக் குழாயைத் தொடாமல், கண்ணாடி மாதிரி இருந்த நுனியை மட்டும் வெட்டினேன். பூனை ஒரு முறை உறுமியது. என் மணிக்கட்டில் ஒரு கோடு. அது எந்த விரலின் வேலை என்று எண்ணத் தோன்றவில்லை. நகம் மறுபடியும் வளரும், மாதம் ஒரு தடவை பாருங்கள், சீழ் வைத்தால் புதுச்சேரி குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன்.

"மாதம் ஒரு தடவை நீ வருவாயா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே, பலகையில் கிடந்த நகத் துண்டைப் பொறுக்கிச் சுருக்குப் பையில் சில்லறையோடு போட்டு முடிந்தார் அக்கா.

நகம்வெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். நகம்வெட்டி 35 ரூபாய். அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.