பீடோங் பக்கம் போனா மலையடிவாரத்தையும் பாத்துட்டு வாங்க

மலேசியாவுல கெடா மாநிலத்துல இருக்கற பீடோங்னு சொன்னா நெறைய பேருக்கு ஹைவே பலகை மட்டும்தான் ஞாபகம் வரும், சுங்கை பட்டாணில ரோட்டி சானாய் சாப்பிட்டுட்டு நேரா லங்காவி ஃபெரிக்கு ஓடிடுவாங்க. நான் பொறந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல. லயத்து வாசல்ல நின்னா ஜெராய் மலை தெரியும், விடியக்காலம் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல வேலைக்கு பேர் கூப்பிடற எடத்துக்கு, கெளம்பும்போது உச்சில கருமேகம் உக்காந்திருந்தா அம்மா வாளிய கீழ வச்சிட்டு "இன்னைக்கு மரம் நனஞ்சிடும், வேல இல்ல"ன்னு சொல்லிடுவாங்க. அவ்வளவு பக்கத்துல இருந்த மலைதான், ஆனா அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தோட்டத்துல எங்களுக்கு யாருமே சொல்லல.

அதனால இந்த ஸ்கூல் லீவுக்கு கிள்ளான்ல இருந்து வந்தப்ப அம்மாவையும் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு கெளம்பிட்டேன். பீடோங் டவுன்ல இருந்து செமிலிங் ரோட்ட புடிச்சா வழியில ஆயிம்ஸ்ட் யூனிவர்சிட்டி, அப்புறம் செம்பனை, கம்போங் வீடுங்க, மெர்போக் வந்துடும். அங்க மலைச்சரிவுலதான் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் மியூசியம் இருக்கு. மியூசியத்துக்குள்ள பானை ஓடு, மணி, சிலைன்னு நெறைய இருக்கு, நிதானமா பாருங்க, ஆனா தயவு செஞ்சி அதோட திரும்பிடாதீங்க, படியேறி வெளிய போங்க, நான் சொல்ல வந்ததே அங்க இருக்கறதப் பத்திதான்.

சண்டி புக்கிட் பத்து பஹாட். சண்டின்னா இங்க பழங்காலத்துக் கோயில். முழுக்க கருங்கல் அடித்தளம், பக்கத்துலயே ஓடை சலசலன்னு ஓடுது. கருவறை இருந்த எடம், முன்னால மண்டபம், நம்ம ஊரு கோயில் அமைப்பு அப்படியே தெரியும். 1936, 37ல குவாரிச் வேல்ஸ்னு ஒரு வெள்ளக்காரரும் அவர் மனைவியும் இந்தப் பள்ளத்தாக்குல தோண்டி ஆராய்ச்சி பண்ணாங்க, அப்புறம் 1959, 60ல அலஸ்டர் லேம்ப் இந்தக் கோயிலோட கல்லுங்கள மறுபடியும் அடுக்கி நிறுத்தினார். மியூசிய வளாகத்துல பெண்டாங் டாலாம், பெண்டியாட், பெங்காலான் பூஜாங்னு இன்னும் சில சண்டிங்க இருக்கு, அதெல்லாம் வேற எடத்துல கெடச்சத கொண்டாந்து கட்டினது. பத்து பஹாட் மட்டும்தான் இருந்த எடத்துலயே நிக்குது.

மண்டபத்துல தூண் நட்ட அடிக்கல்லு வரிசையா இருக்கு, மேல இருந்த மரத்தூணும் கூரையும் எப்பவோ மக்கிப் போச்சி. முந்துன நாள் பேஞ்ச மழத்தண்ணி ஒரு கல்லு குழியில தேங்கி நின்னுச்சி, அதுல ஒரு எல மெதந்துச்சி. அம்மா குனிஞ்சி குழி ஓரத்த வெரலால தடவிப் பாத்துட்டு "ஆட்டுக்கல்லு குழி மாதிரியே வழவழன்னு இருக்குடா, உளி புடிச்சவன் கை சும்மா இல்ல"ன்னாங்க. இருபத்தஞ்சி வருஷம் பால் மரம் சீவுனவங்க, உளி வேலைய அவங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல.

அப்புறம் அவங்களா ஒண்ணு சொன்னாங்க. தோட்டத்துல வேலக்காட்டுக்குள்ள பழைய செங்கல்லு அங்கங்க பொதஞ்சி கெடக்குமாம், நம்ம சூளைக்கல்லு மாதிரி இல்லாம அகலமா இருக்குமாம், பொம்பளைங்க எடுத்துட்டு வந்து அடுப்புக்கு முட்டு குடுப்பாங்களாம். அது எந்தக் காலத்துக் கல்லோ. எனக்கு வயிறு என்னமோ பண்ணிடுச்சி. 2013ல பீடோங் பக்கம் சுங்கை பத்துல நெலத்த சமன் பண்ணும்போது 11ஆம் எண் சண்டிய இயந்திரத்த விட்டு இடிச்சித் தள்ளிட்டாங்க, அந்தச் செய்திய படிச்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் யார்கிட்டயும் பேசல. இடிச்சது போனதுதான், திரும்ப வராது.

அதே சுங்கை பத்துலதான் 2009ல இருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டறாங்க. இரும்பு உருக்குன எடம் அது, உலைக்கு காத்து ஊதுற மண்குழாய் ஒடஞ்சி ஒடஞ்சி குவியல் குவியலா கெடச்சிருக்கு. வெயில் அதிகம், குடை எடுத்துக்குங்க.

கடாரம்னு நாம படிக்கிறோமே, அது இந்தக் கெடாதான். கடாரத்து ராஜா நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு புத்த விகாரம் கட்டினார், அதுக்கு ராஜராஜ சோழர் ஆனைமங்கலம்ங்கற ஊர தானமா எழுதிக் குடுத்தார், அந்தச் செப்பேட்ட கடல் தாண்டி ஹாலந்துக்கு கொண்டுபோய் லைடன்ல வச்சிருந்ததால லைடன் செப்பேடுன்னே பேர் வந்துச்சி. அப்பா தானம் குடுத்தார், மகன் ராஜேந்திரர் 1025 வாக்குல கப்பப்படைய கொண்டாந்து இதே கடாரத்த அடிச்சி கடாரம் கொண்டான்னு பேர் வாங்கினார். சண்டை மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏவாரம், சாமி, கல்தச்சன், எல்லாம் வந்து போன வழி அது. பிள்ளைங்களுக்கு சண்டைய மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க.

சாயங்காலம் தஞ்சோங் டாவாய் போனோம், மெர்போக் ஆறு கடல்ல கலக்கற எடம். ரோட்டோரம் நெத்திலி காயப்போட்டிருந்தாங்க, அம்மா வெல பேசி ரெண்டு பை வாங்கிட்டாங்க. அங்கருந்து பந்தாய் மெர்டேக்காவுக்கு சின்ன படகு போகும், கட்டாயம் ஏறுங்க. படகு நடுத்தண்ணிக்கு போனதும் திரும்பிப் பாத்தா ஜெராய் மலை மொத்தமா எந்திரிச்சி நிக்கிது, 1,000 மீட்டருக்கு மேல ஒசரம், சுத்தி எல்லாம் தட்டை நெலம், அதனால கடல்ல எங்கருந்து வந்தாலும் மொதல்ல கண்ணுல படறது இதுதான். வங்காள விரிகுடாவ தாண்டி வந்த கப்பக்காரங்களுக்கு இதுதான் அடையாளம்.

அம்மா முந்தானைய இழுத்து தலைல போட்டுக்கிட்டு மலையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "ஒங்க தாத்தா நாகப்பட்டினத்துலதான் ரஜூலா கப்பல் ஏறினாரு. பினாங்கு வர்றதுக்கு முன்னாடி மேல்தட்டுல யாரோ மலை தெரியுது மலை தெரியுதுன்னு கத்துனாங்களாம், எல்லாரும் ஓடிப்போய் பாத்தாங்களாம். அது எந்த மலைன்னு அவருக்கு கடைசி வரைக்கும் தெரியல"ன்னாங்க.

சின்னவன் கேட்டான், "பாட்டி, இந்த மலையா?" அம்மா ஒண்ணும் சொல்லல, நெத்திலி பைய மடியில வச்சிக்கிட்டு அவன் கைய மட்டும் புடிச்சிக்கிட்டாங்க.